பவர்லைன் வைஃபைக்கு இரண்டு பூட்டு

ஹாலில் ரவுட்டர், கடைசி அறையில் மகளின் ஆன்லைன் வகுப்பு, நடுவில் இரண்டு செங்கல் சுவரும் ஒரு கான்கிரீட் தூணும். வாடகை வீட்டில் சுவரைக் குடைந்து லேன் கேபிள் இழுக்க ஓனர் விடமாட்டார். இந்த நிலையில் பவர்லைன் அடாப்டர் கைகொடுக்கும். சோடியாக வரும் கருவி இது. ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்து பிளக் பாயிண்டில் செருகி, ரவுட்டரோடு கேபிளால் இணைக்கிறோம். மற்றதைக் கடைசி அறையில் செருகினால், வீட்டு ஒயரிங் வழியாகவே இன்டர்நெட் அங்கே போய் வைஃபையாகப் பரவுகிறது.

பெட்டியைப் பிரித்துச் செருகியதுமே ஓடத் தொடங்கிவிடுவதால், இதற்குப் பூட்டு போட வேண்டும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். கம்பியில் ஓடும் சிக்னலுக்கு அந்தப் பாஸ்வேர்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்குத் தனிச் சாவி உண்டு.

கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்கள் ஹோம்பிளக் ஏவி என்ற தரத்தையோ, 2012-இல் வந்த அதன் அடுத்த வடிவமான ஏவி2-வையோ பின்பற்றுபவை. 128 பிட் ஏஇஎஸ் முறையில் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. பூட்டு உறுதியானதுதான். ஆனால் பல கருவிகளில், கம்பெனியிலிருந்து வரும்போது அதன் சாவி ‘ஹோம்பிளக்ஏவி’ என்ற ஒரே சொல். உங்கள் கருவிக்கும் அதுதான், எதிர்ஃபிளாட்காரர் வாங்கிய கருவிக்கும் அதுதான். இரண்டு வீட்டிலும் சாவியை மாற்றாமல் விட்டால், இரண்டும் சேர்ந்து ஒரே நெட்வொர்க் ஆகிவிட வாய்ப்புண்டு.

‘நடுவில் ஈபி மீட்டர் இருக்கிறதே’ என்று கேட்கலாம். மீட்டரின் வேலை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அளப்பது. அடாப்டரின் சிக்னல் ஓடுவதோ 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. மீட்டர் அதைப் பலவீனமாக்கலாம், தடுத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லா மீட்டரும் பெரும்பாலும் கீழே ஒரே போர்டில்தான் இருக்கும். எதிர்வீடு வேறு பேஸில் இருக்கிறது என்ற நிம்மதியும் வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் பேஸ் சேஞ்ச் ஸ்விட்சைத் திருப்பிவிடுவது நம் வீடுகளில் வழக்கம்தானே. தனி வீட்டில் இந்த ஆபத்து குறைவு, ஃபிளாட்டில் கூடுதல்.

ஆகவே கம்பிச் சாவியில் தொடங்குவோம். இரண்டு அடாப்டரையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து சுவர் பாயிண்டுகளில் செருகுங்கள். ‘பேர்’ என்று எழுதிய, சோடி சேர்க்கும் பட்டனை ஒவ்வொன்றிலும் சுமார் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். விளக்கு அணைந்து மறுபடி எரியும். பழைய சாவி போய்விட்டது, இப்போது இரண்டும் தனித்தனி. அடுத்து முதல் கருவியில் அதே பட்டனை ஒரு நொடி மட்டும் அழுத்துங்கள், பவர் விளக்கு மினுக்கத் தொடங்கும். இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் அப்படியே அழுத்த வேண்டும். மினுக்கல் நின்று விளக்கு சீராக எரிந்தால், இரண்டும் தங்களுக்குள் புதுச் சாவி ஒன்றை வைத்துக்கொண்டன என்று பொருள். நொடிக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், கூட வந்த தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டனைவிட மென்பொருள் வழி எனக்குப் பிடிக்கும், சாவி என்னவென்று நமக்கே தெரிந்திருக்கும் என்பதால். டிபி-லிங்க் கருவிகளுக்கு டிபிபிஎல்சி, டெவோலோ கருவிகளுக்குக் காக்பிட் என்று கம்பெனிகளே இலவசமாகத் தருகின்றன. அதில் ‘நெட்வொர்க் நேம்’ என்றொரு கட்டம் வரும். பெயர்தானே கேட்கிறது என்று வீட்டுப் பெயரையோ குழந்தையின் பெயரையோ போட்டுவிடாதீர்கள். அங்கே நீங்கள் எழுதுவதிலிருந்துதான் கம்பிச் சாவி உருவாகிறது, ஆகவே அது பாஸ்வேர்டுதான். எழுத்தும் எண்ணுமாகக் கலந்து நீளமாகக் கொடுங்கள். தூரத்து அடாப்டரைச் சேர்க்க, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் நான்கு நான்காகப் பிரித்த பதினாறு எழுத்துக் குறியீட்டைக் கேட்கும். லேபிளைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம், வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட வேண்டாம்.

அதே மென்பொருள், நெட்வொர்க்கில் உள்ள அடாப்டர்களின் பட்டியலையும் காட்டும். வாங்கியது இரண்டு, பட்டியலில் மூன்று என்றால் அந்த மூன்றாவது யாருடையதோ. பட்டனை நீங்கள் அழுத்திய அதே இரண்டு நிமிடத்தில் மேல்வீட்டிலும் யாராவது அழுத்தினால் இப்படி நேரலாம். மறுபடி பத்து நொடி அழுத்தி, முதலிலிருந்து செய்யுங்கள்.

இனி வைஃபை பக்கம். கடைசி அறை அடாப்டருக்கு ரவுட்டர் போலவே சொந்தமாக ஒரு செட்டிங்ஸ் பக்கம் உண்டு, பலருக்கு இது தெரியாது. ரவுட்டரில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்தால் அதன் ஐபி முகவரி கிடைக்கும். பிரவுசரில் அதைத் தட்டி உள்ளே போங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் பெயரும் பாஸ்வேர்டும் ‘அட்மின்’தான். முதலில் அதை மாற்றுங்கள்.

கையோடு ஃபர்ம்வேரையும் அப்டேட் செய்யுங்கள். டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூபிஏ4220 மாடலில், செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைந்த ஒருவர் கருவியையே தன் கட்டளைப்படி ஆட்டிவைக்க வழிவிட்ட ஓட்டை 2020-இல் தெரியவந்தது. புது ஃபர்ம்வேரில்தான் அது அடைபட்டது. அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றாமல், அப்டேட்டும் செய்யாமல் விட்டவர்களுக்கு இரட்டை ஆபத்து.

அடுத்து ‘வைஃபை குளோன்’ பட்டன். ரவுட்டரின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே நகலெடுத்துக்கொள்ளும் வசதி இது. சௌகரியம்தான், நானும் வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் பல மாடல்களில் இந்த நகல், எடுத்த நாளோடு நின்றுவிடும். வீட்டில் தங்கிப் படித்த பையன் காலி செய்து போனதும் ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றுகிறீர்கள். அடாப்டரில் பழையதே இருக்கும். அவன் தெருவில் நின்றாலும் போன் தானாகச் சேர்ந்துகொள்ளும். ரவுட்டரில் மாற்றும் ஒவ்வொரு முறையும் இங்கேயும் மாற்ற வேண்டும்.

பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் இருக்கட்டும், டபிள்யூபிஏ3 இருந்தால் அதுவே மேல். பாஸ்வேர்டுக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்துச் சேரவிடும் டபிள்யூபிஎஸ் பின் வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் என்று பெயர், ஆனால் அது சரிபார்க்கப்படும் விதத்தால் 11,000 முயற்சிக்குள் உடைத்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

விருந்தினர் வைஃபையிலும் ஒரு கண் இருக்கட்டும். ரவுட்டரில் அதைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தாலும், அந்தப் பிரிவினை கம்பியைத் தாண்டிக் கடைசி அறைக்குப் பொதுவாக வராது. அங்கே அடாப்டரில் சேர்கிறவர், உங்கள் லேப்டாப்பும் பிரிண்டரும் சிசிடிவி கேமராவும் இருக்கும் அதே நெட்வொர்க்குக்குள் வந்துவிடுகிறார். வருகிறவர்களுக்கு ஹாலில் ரவுட்டரின் விருந்தினர் பாஸ்வேர்டையே கொடுங்கள்.

எங்கே செருகுகிறோம் என்பதும் முக்கியம். பேர் பட்டனைத் தொட முடிகிற எவரும் தன் அடாப்டரைச் சேர்த்துவிடலாம் என்பதால், வாசல் வராந்தாவும் மாடிப்படிப் பாயிண்டும் கூடாது. ஸ்பைக் கார்டு சிக்னலை நசுக்கிவிடும், நேராகச் சுவர் பாயிண்டில் செருகுங்கள். ஒன்று இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது நேரடி லைனிலும் இருந்தால் இணைப்பு மந்தமாகலாம். வெளிநாட்டு பிளக் என்றால் ஆடாத கன்வர்ட்டர் போடுங்கள். லூஸ் கனெக்‌ஷன் சூடாகும்.

கருவியை விற்கும்போதோ தம்பி வீட்டுக்குக் கொடுக்கும்போதோ, பேர் பட்டனைப் பத்து நொடி அழுத்துவதோடு ரீசெட்டும் செய்துவிடுங்கள். ரீசெட் செய்த கருவி வீட்டிலேயே தங்கினால், அதற்கு மறுபடி புதுச் சாவி போட வேண்டும். ரீசெட் செய்ததும் சில மாடல்கள் ‘ஹோம்பிளக்ஏவி’க்கே திரும்பிவிடுகின்றன.