மீன் மேலே வந்து வாயைத் திறக்குதா? தீனி போடாதே!

விடிஞ்சதும் தொட்டியைப் பாரு கண்ணு. மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதா? பசின்னு நினைச்சு ஒரு பிடி தீனியை அள்ளிப் போட்டுடாதே. அதுக்கு மூச்சு முட்டுது. ராத்திரி முழுக்க மீனும் செடியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுத்திருக்கும். தின்னாத தீனி அழுகினா மிச்சம் இருக்கறதும் போயிடும்.

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் சித்திரை, வைகாசியில வெயில் 40 டிகிரியைத் தொடுது. சூடான தண்ணியில ஆக்சிஜன் தங்காது. 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைஞ்சிருந்தா, 30 டிகிரியில ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவையும் கூடும். அதனால கோடை வர்றதுக்கு முன்னாடியே இதையெல்லாம் சரிபண்ணி வை.

1. குமிழி நிறைய வந்தா போதும்னு இருக்காதே. குமிழியிலிருந்து நேரா கரையறது கொஞ்சம்தான். அது மேலே வந்து தண்ணியை அலம்புது பாரு, அங்கதான் காத்து உள்ளே இறங்குது. ஃபில்டர் வாயை மேல்தண்ணி அசையற மாதிரி திருப்பி வை. பைசா செலவில்லை. மூடியையும் இறுக்கி மூடாதே, காத்து போக இடம் விடு.

2. ஏர் பம்பைத் தொட்டித் தண்ணி மட்டத்துக்கு மேலதான் வைக்கணும். நிறைய பேர் கீழே, ஸ்டாண்டுக்குள்ள ஒளிச்சு வைக்கறாங்க. கரண்ட் போனதும் தண்ணி டியூப் வழியா இறங்கி பம்புக்குள்ள புகுந்துடும், ப்ளக் வரைக்கும் வந்தா ஷாக்தான். மேலே இடமே இல்லைன்னா டியூப் நடுவுல ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டு. மாட்டறதுக்கு முன்னாடி வாயால ஊதிப் பாரு, காத்து தொட்டிப் பக்கம் மட்டும்தான் போகணும்.

3. கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வை, பேட்டரியைத் தனியா எடுத்து வை. அது இல்லாத அன்னைக்கு ஒரு சொம்பை எடு. தொட்டித் தண்ணியையே மொண்டு, ஒரு முழம் உயரத்துல இருந்து மெதுவா திரும்ப ஊத்து. அரைமணிக்கு ஒருதரம் பத்து சொம்பு ஊத்தினாலும் மீனுக்குப் பெரிய உதவி. அந்த நேரத்துல தீனி வேண்டாம். வளர்ந்த மீன் ஒருநாள் பட்டினியில சாகாது. கரண்ட் வர ரொம்ப நேரம் ஆச்சுன்னா, ஃபில்டர் ஸ்பாஞ்சை மோந்து பாரு. நாத்தம் அடிச்சா தொட்டித் தண்ணியிலயே அலசிட்டு அப்புறமா ஓட விடு.

4. நம்ம போர் தண்ணி உப்பு. ஏர் ஸ்டோன் மேல வெள்ளையா படிஞ்சு ஓட்டை அடைச்சுக்கும். பம்ப் முக்கி முக்கி ஓடி உள்ளே ரப்பர் கிழியும். வினிகர்ல ஒரு ராத்திரி ஊறப் போட்டு நல்லா கழுவு. போகலைன்னா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டு, பம்பை விட அது மலிவு.

5. போர்ல அப்பத்தான் இறைச்ச தண்ணியில ஆக்சிஜன் குறைவு. மேட்டூர்ல இருந்து வர்ற குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். எதுவானாலும் வாளியில பிடிச்சு ஏர் ஸ்டோன் போட்டு ஒருநாள் வெச்சுட்டு ஊத்து. அதுவும் கால்வாசிதான் மாத்தணும்.

6. ஐஸ் கட்டி போடவே போடாதே! சட்டுன்னு சூடு இறங்கினா மீன் தாங்காது. டேபிள் ஃபேனை மேல்தண்ணி மேல படற மாதிரி திருப்பு. குறையற தண்ணியை மட்டும் அப்பப்ப நிரப்பு.

7. ஃபைட்டர், கௌராமி மேலே வந்து காத்து குடிக்கறது அதோட சுபாவம், பயப்படாதே. கோல்டுஃபிஷ் அப்படியில்லை. சின்னதா உருண்டைக் கண்ணாடி ஜாடியில அதை விட்டுட்டு, "ஏன் செத்துச்சு"ன்னு என்கிட்ட கேக்காதே. பெரிய தொட்டி வாங்கற வரைக்கும் ஜாடியைக் கழுத்து வரைக்கும் ரொப்பாம, வயிறு அகலமா இருக்கற இடத்தோட நிறுத்து. காத்து படற பரப்பு அங்கதான் அதிகம்.