டிராக்டரும் ஓட்டுநர் உரிமமும்

கோவை மாவட்டத்தில் சோமனூர் சாலையும் அன்னூர் சாலையும் சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடம் கருமத்தம்பட்டி. கோழி எரு, சோளத்தட்டு, தேங்காய் ஏற்றிய டிராக்டர்கள் இங்கே லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே செல்ல வேண்டியுள்ளது. உழவு, விதைப்பு, அறுவடை ஆகியவற்றில் டிராக்டரின் பயனை நன்கறிந்த உழவர் பெருமக்கள் பலர், அது சாலையில் ஏறிய பின் எந்தச் சட்டத்திற்கு உட்படுகிறது என்பதில் போதிய கவனம் செலுத்துவதில்லை. விபத்து நேர்ந்த பின்னரே உரிமத்தைத் தேடுகின்றனர்.

1939ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டு, 1989 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. இதன்படி பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டுபவர் எவரும் நடப்பில் உள்ள உரிமம் பெற்றிருக்க வேண்டும். பொது இடம் என்பது தார்ச்சாலை மட்டுமன்று. பொதுமக்கள் சென்றுவர உரிமையுள்ள வழி எதுவாயினும் அது பொது இடமே. ஆகவே தோட்டத்திலிருந்து இட்டேரியில் வண்டி இறங்கியவுடனே சட்டம் தொடங்கிவிடுகிறது என்று கொள்வதே பாதுகாப்பானது.

எந்த உரிமம் வேண்டும்?

டிராக்டருக்குத் தனி உரிமம் வேண்டுமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. சுமையின்றி 7,500 கிலோவுக்கு மேற்படாத எடையுள்ள டிராக்டர் இலகுரக மோட்டார் வாகனம் என்ற வகையில் அடங்கும். நம் பகுதியில் உழவுக்குப் பயன்படும் டிராக்டர்களின் எடை இதற்கு மிகவும் குறைவே. எனவே கார் ஓட்டுவதற்கான இலகுரக வாகன உரிமம் உள்ளவர் டிராக்டரையும் ஓட்டலாம். டிரெய்லரைப் பூட்டியதனாலேயே டிராக்டர் ஓட்டுநரின் உரிமம் செல்லாததாகி விடாது என்று உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. காய்கறி கொண்டுசெல்ல 'குட்டியானை' எனப்படும் சிறு சரக்கு வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு செய்தி உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக உரிமமே போதும் என்பதை ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) பெற வேண்டும். இது ஆறு மாதம் செல்லும். 30 நாட்கள் கழிந்த பின், ஓட்டிக் காட்டி நிலையான உரிமம் பெறலாம். விண்ணப்பத்தை இணையதளம் வழியாகவே அனுப்ப இயலும். தரகரை நாடிப் பணம் செலவிடத் தேவையில்லை. 40 வயதைக் கடந்தவர் மருத்துவச் சான்று இணைக்க வேண்டும்.

பதினாறு வயதிலேயே வண்டி ஓட்டலாம் என்று கிராமங்களில் ஒரு நம்பிக்கை உள்ளது. அது 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட இருசக்கர வண்டிக்கு மட்டுமே பொருந்தும். அதற்கும் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவும் உரிமமும் வேண்டும். 1980களில் வந்த டி.வி.எஸ். 50 வண்டி நினைவில் இருப்பதால் இந்த எண்ணம் நிலைத்துவிட்டது போலும். இன்று பால் கேன் கட்டிச் செல்லும் எக்ஸ்.எல். 100 ஏறத்தாழ 100 சி.சி. ஆகும். அதை ஓட்ட 18 வயது கட்டாயம்.

பையனிடம் டிராக்டரைக் கொடுத்து, "சந்து வரைக்கும்தானே, போய்ட்டு வா" என்று அனுப்பும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 18 வயதுக்குட்பட்டவர் குற்றம் செய்தால் பாதுகாவலர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அப்பையன் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. வயது வந்தவராயினும் உரிமமின்றி ஓட்டினால் ரூ. 5,000 அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் அதே தண்டனை உண்டு.

காப்பீடும் டிரெய்லரும்

அபராதம் ஒருமுறை கட்டினால் தீர்ந்துவிடும். இழப்பீடு அப்படியன்று, அது நிலத்தையே பாதிக்கக்கூடும். உரிமமில்லாதவரிடம் உரிமையாளர் கவனமின்றி வண்டியை ஒப்படைத்தார் என்று காப்பீட்டு நிறுவனம் மெய்ப்பித்தால், பாதிக்கப்பட்டவருக்குத் தொகையைச் செலுத்திவிட்டு அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம் என்று 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று கூறுகிறது. ஆட்களை ஓட்டுநராக அமர்த்துவோர் உரிமத்தை வாங்கிப் பார்த்து, அதன் காலம் முடியும் நாளைக் குறித்துக்கொள்வது நலம்.

டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவும் காப்பீடும் தேவை. இழுத்துச் செல்லும் டிராக்டரின் எண்ணையும் டிரெய்லரின் பின்புறம் எழுத வேண்டும். விவசாயப் பணிக்கு மட்டும் என்று காப்பீடு செய்த டிராக்டர், செங்கல் சூளைக்கு மண் ஏற்றியபோது, டிரெய்லரில் சென்ற தொழிலாளி விழுந்து காயமுற்ற வழக்கு 2007ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. டிரெய்லருக்குக் காப்பீடு இல்லை. நிறுவனம் பொறுப்பல்ல என்றே நீதிமன்றம் கருதியது. ஏழைத் தொழிலாளி என்பதால் நிறுவனம் முதலில் கொடுத்து, உரிமையாளரிடம் பின்னர் பெற்றுக்கொள்ளுமாறு உத்தரவிட்டது. களையெடுக்க வரும் பெண்களை டிரெய்லரிலும் மட்கார்டு மீதும் ஏற்றிவரும் வழக்கம் நம்மிடம் மிகுதி. வேலையில்லாத நாட்களில் வாடகைக்குச் செங்கல், நூல் மூட்டை ஏற்றுவதும் உண்டு. இவை இரண்டும் அந்த வழக்கை ஒத்தவையே.

நெடுஞ்சாலையில் சற்றுத் தொலைவு சுற்றிச் செல்லச் சோம்பி எதிர்த்திசையில் ஓட்டுவது இப்போது ஆபத்தான ஓட்டுதல் என்ற குற்றமாகும். இரவில் டிரெய்லரின் பின்புறம் சிவப்பு விளக்கும் ஒளி எதிரொளிப்பானும் இருத்தல் வேண்டும். தட்டுப்போர் ஏற்றும்போது அவை மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதுப்பித்தலும் பெயர் மாற்றமும்

உரிமம் முடிந்த பின் முன்பு 30 நாள் சலுகை இருந்தது. இப்போது அது இல்லை. முடிவதற்கு ஓராண்டு முன்னரே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும். 55 வயதுக்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் உண்டு.

பழைய டிராக்டரை விற்போர் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றத்தை வாங்குபவரின் பொறுப்பில் விட்டுவிடுகின்றனர். விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி கைமாறிப் பல ஆண்டுகள் ஆனாலும், புத்தகத்தில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. தந்தை காலமான பின் அவர் பெயரிலேயே டிராக்டர் ஓடுவதும் பல குடும்பங்களில் காணப்படுகிறது. வாரிசு 30 நாட்களுக்குள் இறப்பைத் தெரிவித்து, மூன்று மாதத்திற்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அப்போதே காப்பீட்டிலும் பெயரை மாற்றிக்கொள்வது நல்லது.