குத்துவிளக்கும் கோட்டோவியமும்

நம் இல்லங்கள் பலவற்றில் குத்துவிளக்கு உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அதனைப் புளியிட்டுத் துலக்கிப் பொட்டிட்டு ஏற்றுகிறோம். எனினும், அதன் தண்டில் எத்தனை வளையங்கள் உள்ளன என வினவினால் நம்மில் பலர் விடை கூற இயலாது விழிப்போம். பழகிய பொருளை ஊன்றி நோக்கக் கற்பிப்பது ஓவியம்.

கறுப்பு மையினால் நுணுக்கமாக வரையப்பட்ட குத்துவிளக்கின் படம் ஒன்று நம்முன் இருப்பதாகக் கொள்வோம். முதலில் முழு வடிவத்தை நோக்குவோம். அகன்ற பாதம், உயர்ந்த தண்டு, ஐந்து முகங்களையுடைய தகழி, உச்சியில் அன்னம். பாதம் அகன்றிருப்பதால் எண்ணெய் நிறைந்த தகழியைத் தாங்கியும் விளக்கு சாய்வதில்லை.

அடுத்து, உறுப்புகளைத் தனித்தனியே நோக்குவோம். குத்துவிளக்கிற்குப் பெயர்பெற்ற ஊர், கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில். அங்கு இவ்வுறுப்புகளைத் தனித்தனியே வார்த்துக் கடைந்து, பின்னர்த் திருகி இணைக்கின்றனர். அவ்விணைப்புகள் எங்குள்ளன எனப் படத்தில் தேடலாம்.

இறுதியாகக் கோடுகளை நோக்குவோம். வண்ணம் இல்லாத படத்தில் பித்தளை மின்னுவது எவ்வாறு? கோடுகள் நெருங்குமிடம் நிழலாகிறது. தாள் வெறுமையாக விடப்பட்ட இடம் ஒளியாகிறது. பால்மரம் சீவிப் பழகியோர் இதன் அருமையை அறிவர். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும். பேனா அழுந்தினால் படம் கெடும்.

இக்கலையில் சிறந்து விளங்கியவர் ஓவியர் சில்பி. 1919ஆம் ஆண்டு நாமக்கல்லில் பிறந்த இவரின் இயற்பெயர் சீனிவாசன். கோயில்களுக்கு நேரில் சென்று, சிலைகளின் அணிகலன்களையும் தூண்களின் வேலைப்பாடுகளையும் பொறுமையுடன் வரைந்தார். அவை ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் தலைப்பில் வெளிவந்தன. அக்கோயில்களைக் காண வாய்ப்பில்லாதோரும் அவற்றின் அழகைக் கண்டு மகிழ்ந்தனர். அவர் 1983இல் மறைந்தார்; படங்கள் இன்றும் வாழ்கின்றன.

1999ஆம் ஆண்டு நிப்பா கிருமி பரவியபோது, புக்கிட் பெலண்டோக் வட்டார மக்கள் பலர் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேற நேர்ந்தது. இன்று தோட்டங்களை விட்டும் பல குடும்பங்கள் இடம்பெயர்கின்றன. அவ்வேளைகளில் எல்லாப் பொருளையும் உடன் கொண்டுசெல்ல இயலுவதில்லை. பாட்டியின் விளக்கு பழைய பித்தளையாக எடைக்குப் போய்விடவும் கூடும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, இவ்விடுமுறையில் உங்கள் இல்லத்து விளக்கின் முன் அமருங்கள். வளையங்களை எண்ணி, உள்ளது உள்ளவாறே வரையுங்கள். அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதைப் பெற்றோரிடம் கேட்டுப் படத்தின் கீழே எழுதுங்கள். விளக்கு கைமாறினாலும் அதன் வரலாறு நம்மிடம் நிலைத்திருக்கச் செய்வோமாக!