மலைப்பாதையில் ஒரு நடமாடும் வீடு

(இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)



'கேரவன்' என்றதும் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டிதான் நம் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன செமஸ்டர் விடுமுறையில் குன்னூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கைவேலைக்குச் சேர்ந்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பழைய டெம்போ டிராவலர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிற மாதிரி செய்துதர வேண்டும், எஸ்டேட் மண் ரோட்டிலும் போக வேண்டும் என்றார். வீட்டில் சொன்னபோது அம்மா, "ஏன், அவங்களுக்கு வீடு இல்லையா?" என்று கேட்டார். அம்மா கொழுந்து பறிக்கிறவர். எங்களுக்கு லயன் வீடு, ஒரு அறை, ஒரு அடுப்படி, ஐந்து பேர்.

வேனுக்குள் வீடு கட்டுவது புதுசு இல்லை. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-லேயே வோக்ஸ்வேகன் வேனுக்குள் கட்டிலும் அலமாரியும் வைத்துக் கொடுத்தது. மலை ரோட்டு வண்டி நமக்கும் பழசுதான். மகிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது. நம் எஸ்டேட்களில் ஓடும் பழைய ஜீப்புகள் அந்த வம்சம்தான். அந்தப் பழைய ஜீப்பில் 'லோ' போட்டால் இழுவை 2.46 மடங்கு ஆகும், நான்கு சக்கரமும் இழுக்கும். எங்களிடம் வந்த டிராவலரில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பெரிய டயரும் மேலே கேரியரும் மாட்டினால் அது ஜீப் ஆகிவிடாது. இதை வண்டிக்காரரிடம் மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். காய்ந்த மண் ரோடு வரைக்கும் சரி, மழைச் சேற்றில் இறங்காதீர்கள் என்று.

உள்வேலை எனக்குச் சுலபமாக வந்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டி, மடக்கும் பலகை, கதவின் உள்பக்கம் கொக்கி, இதெல்லாம் லயன் வீட்டில் பிறந்தவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. "எங்கேடா படிச்ச?" என்று மேஸ்திரி கேட்டபோது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் தப்பு செய்தேன்.

தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. மேலே வைத்தால் பம்பு வேண்டாம், குழாயைத் திறந்தால் தானாக வரும், உள்ளே இடமும் மிச்சம் என்று நான் சொன்னேன். டிப்ளமா படிக்கிற பையன் சொல்கிறான் என்று மேஸ்திரியும் விட்டுவிட்டார். 150 லிட்டர் தொட்டி, அதற்கு ஆங்கிள் ஃபிரேம், மேலே ஸ்டெப்னி. எல்லாம் சேர்த்து 200 கிலோ கூரைக்கு ஏறியது.

ஓட்டிப் பார்க்க எங்கள் எஸ்டேட் ரோட்டுக்கே கொண்டுபோனோம். தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. வெளிப்பக்கம் சாய்ந்த ஒரு வளைவில் வண்டி திரும்பும்போது உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக மோதிய சத்தம் கேட்டது. உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கீழே தேயிலைச் சரிவு. மேஸ்திரி ஸ்டியரிங்கைச் சட்டென்று சரிவுப் பக்கம் கொஞ்சம் விட்டுப் பிடித்ததால் சக்கரம் மறுபடி ஊன்றியது. பின்னால் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வண்டி நின்ற பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

அங்கே வேலையில் இருந்த அப்பா ஓடி வந்தார். இருபது வருஷமாக இலை டிராக்டரில் லோடு ஏற்றுகிறவர். கூரையைப் பார்த்துவிட்டு, "ஈர மூட்டைய எப்பவும் அடியிலதாண்டா போடுவோம், காஞ்சதத்தான் மேல போடுவோம். இது கூடவா புஸ்தகத்துல போடல?" என்றார்.

போட்டிருக்கிறது அப்பா. ஈர்ப்பு மையம் என்று முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸிலேயே போட்டிருக்கிறது. பத்து மார்க் கேள்வியாக எழுதியும் இருக்கிறேன். அன்றைக்கு ராத்திரிதான் அந்தக் கணக்கை வண்டிக்குப் போட்டேன். நீங்களும் பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

வண்டி 2,200 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.9 மீட்டர், இரு பக்கச் சக்கரங்களுக்கு இடைவெளி 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். (0.9 தோராயம்தான். முன் அச்சைத் தூக்கி நிறுத்தி, பின் அச்சில் எடை எவ்வளவு கூடுகிறது என்று எடை மேடையில் பார்த்தால் சரியான அளவு கிடைக்கும்.) சக்கர இடைவெளியில் பாதியை உயரத்தால் வகுத்தால் 0.83. அதாவது பக்கவாட்டில் சுமார் 40 டிகிரி சாய்ந்தால் கவிழும். இப்போது 2.6 மீட்டர் உயரத்தில் 200 கிலோ ஏற்றுங்கள். மையம் 1.04 மீட்டருக்குப் போகிறது, எல்லை 36 டிகிரிக்கு இறங்குகிறது. அதே 200 கிலோவைத் தரையோடு 0.6 மீட்டரில் வைத்தால் மையம் 0.875. எல்லை 40-ஐத் தாண்டிவிடும்.

நாலு டிகிரிதானே என்று தோன்றும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் பத்து சென்டிமீட்டர் கல் வந்தால் அதுதான் நாலு டிகிரி. அதோடு 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதே சுமார் 17 டிகிரி சரிவில் நிற்பதற்குச் சமம். ரோட்டின் சாய்வு, ஸ்பிரிங் அமுங்குவது, பாதித் தொட்டியில் தண்ணீர் ஒதுங்குவது எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்கு வண்டியைக் கட்டைபோல நினைத்துப் போட்டது, நிஜ வண்டி இதற்கு முன்பே கவிழும்.

மறுநாள் தொட்டி இறங்கியது. இரண்டாகப் பிரித்துக் கட்டிலுக்கு அடியில், அச்சுகளுக்கு நடுவே வைத்தோம். உள்ளே தடுப்புத் தகடும் வைத்து வெல்டு செய்தோம். பம்புக்குச் செலவு கூடியது. வண்டிக்காரர் முணுமுணுத்தார், பிறகு கொடுத்துவிட்டார்.

எடைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் இறக்கம். 2,400 கிலோ வண்டி அவ்வளவு இறங்கினால் சுமார் 35 மெகாஜூல் சக்தி எங்காவது போயாக வேண்டும். நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. முழுவதையும் பிரேக் டிரம்மில் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால்தான் ஏறின கியரிலேயே இறங்கு என்று டிரைவர்கள் சொல்கிறார்கள், என்ஜினே பாதியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதுசாக இருந்தால் 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். நம் ஊர் மூடுபனியில் நிற்கிற வண்டிக்கு ஆயில் மாற்றாமல் அலமாரி மட்டும் மாட்டுவது என்ன வேலை?

ஊட்டி உயரத்தில் (2,240 மீட்டர்) காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினுக்கு இழுவையும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேக நேரம் பிடிக்கும். விளக்குக்குத் தனி பேட்டரி வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

காற்றோட்டம்தான் உயிர் விஷயம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது குளிருக்குப் பயந்து எல்லாச் சந்தையும் அடைத்துக்கொண்டு கரி அடுப்பை உள்ளே வைப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் தூங்கினபடியே போய்விடுவார். கூரையில் ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு, இரண்டும் மூட முடியாதபடி இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளியே போகும் ஓட்டை கட்டாயம்.

சட்டமும் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரமே இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டுக் கட்டர் மெஷினை எடுப்பது நல்லது. அதேபோல, வண்டியில் கட்டில் இருக்கிறது என்பதற்காகக் காட்டுக்குள் நிறுத்திப் படுக்க முடியாது. பந்திப்பூர் ரோடு 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை பொது வண்டிகளுக்கு மூடப்படுகிறது. யானைக்கு நம் பெர்மிட் தெரியாது.

வண்டிக்காரர் எடுத்துப் போவதற்கு முன் அதே எஸ்டேட் ரோட்டில் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். அந்த வளைவில் அப்பா குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சக்கரம் ஊன்றியே வந்தது. பிறகு லயன் முன்னால் நிறுத்தினோம். அம்மா ஏறி, கட்டிலைத் தூக்கிப் பார்த்து, பலகையை மடக்கிப் பார்த்து, அடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"புகை போக வழி வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

மேலே கையைக் காட்டினேன்.