காதில் வழிகாட்டி, காலடியில் பொலோனியா

இத்தாலியின் பொலோனியாவை ஆடியோ வழிகாட்டியோடு சுற்றப் போகிறீர்களா? பதிவையும் வரைபடத்தையும் தங்குமிட வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். இயர்போன் ஒரு காதில் மட்டும் இருக்கட்டும். மறு காதுக்குச் சைக்கிள் மணி கேட்க வேண்டும். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தூண் நடைபாதைகள் இருப்பதால் மழைக்கும் வெயிலுக்கும் கவலையில்லை. 13-ஆம் நூற்றாண்டு இசோலானி வீட்டின் உயர்ந்த மரத்தூண்களுக்குக் கீழே பதிவை நிறுத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள்.

பொதெஸ்தா மாளிகை வளைவின் அடியில் இயர்போனையே கழற்றிவிடுங்கள். ஒரு மூலையில் சுவரைப் பார்த்து ஒருவர் மெல்லப் பேசினால், குறுக்கே எதிர்மூலையில் சுவரோரம் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். அவசியம் செய்து பாருங்கள்!

சான் லூகா குன்றுக்குச் செல்லும் தூண் நடைபாதையில் 666 வளைவுகள், நீளம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர்; பின்பாதி நல்ல ஏற்றம். காலையிலேயே தண்ணீரோடு கிளம்பிவிடுங்கள்.