ஒரே எண், ரெண்டு கதை: அமெரிக்க வீட்டு விற்பனை வரைபடத்தைப் படிப்பது எப்படி?



போன எபிசோடுல டாஷ்போர்டுகளைப் பற்றிப் பேசும்போது, "ஒரு நம்பரை மட்டும் வெச்சு முடிவு எடுக்காதீங்க"ன்னு பெரிய மனுஷன் மாதிரி சொல்லிட்டேன். அந்தப் பாடத்தை நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்ல நேரம் கிடைக்கலை. இந்த வார மடலில் அதைச் சொல்றேன்.

2023 அக்டோபர். நியூ ஜெர்ஸியில வாடகைக்கு இருந்த என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஒரு டவுன்ஹவுஸ் பார்த்து வெச்சிருந்தாங்க. பேங்க்ல ப்ரீ-அப்ரூவலும் வாங்கியாச்சு. "அண்ணா, நீ தான் டேட்டா ஆளு ஆச்சே, என்ன சொல்ற?"ன்னு கேட்டா. நான் லேப்டாப்பைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினேன். "பாரு, நாடு முழுக்க வீட்டு விற்பனை 2008, 2010 அளவுக்கு இறங்கிடுச்சு. அப்போ விலை சரிஞ்ச மாதிரி இப்பவும் சரியும். ஒரு வருஷம் பொறு"ன்னு சொன்னேன். என் மேல இருந்த நம்பிக்கையில அவங்களும் பொறுத்தாங்க.

நான் காட்டின எண் சரி. சொன்ன அர்த்தம் தப்பு. எங்கே தப்பு நடந்துச்சுன்னு படிப்படியா பார்ப்போம்.

1. இதுல எதை எண்ணுறாங்க?

அந்த வரைபடத்தோட பேர் எக்ஸிஸ்டிங் ஹோம் சேல்ஸ். ஏற்கெனவே கட்டி, ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்கு மாறுற வீடுகளோட எண்ணிக்கை. தனி வீடு, டவுன்ஹவுஸ், காண்டோ, கோ-ஆப் எல்லாம் இதுல அடங்கும். ஒவ்வொரு மாசமும் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ், சுருக்கமா என்.ஏ.ஆர்., இதை வெளியிடுது. பில்டர் கட்டி விக்கிற புது வீடுகளுக்குத் தனிக் கணக்கு. அதை சென்சஸ் பீரோ எடுக்குது.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. புது வீட்டுக் கணக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே ஏறிடும். பழைய வீட்டுக் கணக்கு க்ளோசிங் முடிஞ்சு சாவி கைமாறினா தான் ஏறும். ஒப்பந்தத்துக்கும் க்ளோசிங்குக்கும் பொதுவா ஒண்ணு, ரெண்டு மாசம் ஆகும். அதனால ஜூன் மாச எண்ணைப் பார்க்கும்போது, ஏப்ரல், மே மாசத்துல எடுத்த முடிவுகளைத் தான் பார்க்கிறீங்க. நம்ம மொழியில சொன்னா, இது லேட்டா வர்ற லாக் ஃபைல்.

2. வருஷக் கணக்கு மாதிரி தெரியுற மாசக் கணக்கு

இங்கே இன்னொரு அசட்டுத்தனத்தையும் ஒத்துக்கணும். சில வருஷம் முன்னாடி ஒரு கிளையண்ட்டுக்காக 2019 டேட்டாவை வெச்சு ஒரு ரிப்போர்ட் பண்ணினேன். பன்னிரண்டு மாச எண்களையும் கூட்டி, மொத்தம் கிட்டத்தட்ட 64 மில்லியன் வீடு வித்ததா ஸ்லைடு போட்டேன். 2019-ல நாட்டுல இருந்த மொத்த வீடே சுமார் 140 மில்லியன் தான்! மீட்டிங்ல ஒரு அம்மா மெதுவா, "பாதி அமெரிக்கா வீடு மாறிடுச்சா?"ன்னு கேட்டாங்க. ஆவரேஜ் போட வேண்டிய இடத்துல சம் போட்டிருந்தேன்.

காரணம் இது தான். மாசா மாசம் வர்ற தலைப்பு எண், "இதே வேகத்துல வருஷம் முழுக்கப் போனா எத்தனை வீடு விக்கும்" என்கிற கணக்கு. கூடவே பருவ வித்தியாசத்தையும் கழிச்சிருப்பாங்க. ஸ்கூல் லீவ் சமயத்துல நிறையப் பேர் வீடு மாறுவாங்க, பனிக்காலத்துல குறைவு. அதைச் சரி பண்ணாம ஜனவரியையும் ஜூனையும் ஒப்பிட முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஜனவரியில 231,000 வீடு வித்துச்சு. சராசரி மாசத்துல 70 சதவீதம் தான் ஜனவரியில வழக்கமா விக்கும்னு வெச்சுக்கோங்க. 231,000-ஐ 0.70 ஆல வகுத்தா 330,000. பன்னிரண்டால பெருக்கினா 3.96 மில்லியன்.

இப்போ ஜூன். 396,000 வீடு வித்துச்சு. ஜூன்ல வழக்கமா சராசரியை விட 20 சதவீதம் அதிகம் விக்கும். 396,000-ஐ 1.20 ஆல வகுத்தா அதே 330,000. வருஷ வேகம் அதே 3.96 மில்லியன். வெளியில பார்த்தா ஜூன் கொண்டாட்டம், ஜனவரி சோகம். உள்ளே ரெண்டும் ஒரே வேகம். "ஜூன்ல விற்பனை எகிறிடுச்சு"ன்னு ஏஜென்ட் சொன்னா, பருவம் கழிச்ச எண்ணா, கழிக்காததான்னு கேளுங்க.

3. இருபது வருஷக் கதை, சுருக்கமா

இப்போ வருஷ மொத்தங்களைப் பார்ப்போம். எல்லாம் மில்லியன்ல:

- 2005: 7.08
- 2010: 4.19
- 2019: 5.34
- 2021: 6.12
- 2023: 4.09
- 2024: 4.06

2005-ல கேட்டவங்களுக்கெல்லாம் கடன் கிடைச்சுது. விற்பனை உச்சம் தொட்டுச்சு. அப்புறம் கடன் சந்தை உடைஞ்சு, விற்பனை பாதாளத்துக்குப் போச்சு. 2009, 2010-ல முதல் வீடு வாங்குறவங்களுக்கு அரசாங்கம் 8,000 டாலர் வரை வரிச்சலுகை கொடுத்துச்சு. 2010 ஏப்ரல் 30-க்குள்ள ஒப்பந்தம் போடணும்னு கெடு. கெடு முடிஞ்ச பிறகு, ஜூலையில ஒரே மாசத்துல விற்பனை 27 சதவீதம் விழுந்ததா அப்போ அறிவிச்சாங்க. அடுத்த மாசங்கள்ல வாங்க வேண்டியவங்க முன்கூட்டியே வாங்கிட்டாங்க, அவ்வளவு தான். வரைபடத்துல செங்குத்தா ஒரு மேடும் பள்ளமும் தெரிஞ்சா, முதல்ல பக்கத்துல ஏதாவது கெடு தேதி இருக்கான்னு தேடுங்க.

அப்புறம் ஒரு டேட்டா பாடம். 2010-ஓட எண் முதல்ல 4.91 மில்லியன்னு வெளியாச்சு. 2011 டிசம்பர்ல என்.ஏ.ஆர். 2007 முதல் 2010 வரைக்குமான எண்களைச் சுமார் 14 சதவீதம் குறைச்சு மறுபடி வெளியிட்டுச்சு. ஏஜென்ட்டுகளோட லிஸ்டிங் சிஸ்டங்கள்ல இருந்து ஒரு சாம்பிள் எடுத்து, அதைப் பெருக்கித் தான் நாட்டுக் கணக்கு வருது. ஏஜென்ட் இல்லாம தானே விக்கிறவங்க குறைஞ்சது, ஒரே வீடு ரெண்டு சிஸ்டத்துல பதிவானது போன்ற காரணங்களால அந்தப் பெருக்கல் காரணி பழசாகிப் போச்சு. ப்ரொடக்ஷன்ல ஓடுற ஃபார்முலாவும் கெட்டுப் போகும் மக்களே.

2021 உச்சத்துக்குக் காரணம் மலிவான கடன். ஃப்ரெடி மேக் கணக்குப்படி 30 வருஷ மார்ட்கேஜ் வட்டி 2021 ஜனவரியில 2.65 சதவீதம் வரை இறங்குச்சு; அதுவரை இல்லாத குறைவு. 2023 அக்டோபர் கடைசியில அதே வட்டி 7.79. விற்பனை 1995-க்குப் பிறகு இல்லாத அளவுக்கு விழுந்துச்சு. 1995-ல அமெரிக்க மக்கள்தொகை சுமார் 266 மில்லியன், 2024-ல சுமார் 340 மில்லியன். தலைக்கணக்குல பார்த்தா வீழ்ச்சி இன்னும் பெருசு.

4. நான் தவறவிட்ட வரிசை

2010: 4.19. 2023: 4.09. நான் பார்த்தது இந்த ரெண்டு எண்ணை மட்டும் தான். பக்கத்துல இன்னொரு வரிசை இருக்கு. அதோட பேர் மாதக் கையிருப்பு. விற்பனைக்கு இருக்கிற வீடுகளை, மாசத்துக்கு விக்கிற வீடுகளால வகுத்தா வரும். புதுசா ஒரு லிஸ்டிங்கும் வரலைன்னா, இருக்கிறது எத்தனை மாசத்துல தீரும்னு அர்த்தம். சுமார் 6 மாசம் இருந்தா வாங்குறவர், விக்கிறவர் ரெண்டு பேருக்கும் சமநிலைன்னு பொதுவா சொல்வாங்க.

- 2010 ஜூலை: அப்போ வெளியான கணக்குப்படி 12.5 மாசம்.
- 2022 ஜனவரி: 1.6 மாசம்.
- 2023: பெரும்பாலும் 3 மாசத்தைச் சுற்றி.

இப்போ கதை தெரியுதா? 2010-ல வீடுகள் குவிஞ்சு கிடந்துச்சு, வாங்க ஆள் இல்லை. மார்ட்கேஜ் வட்டி அந்த வருஷம் சராசரியா 5 சதவீதத்துக்கும் கீழே தான் இருந்துச்சு. ஆனா வேலை போச்சு, பேங்க் கடன் கொடுக்கலை. வித்த வீடுகள்ல ஏறத்தாழ மூணுல ஒண்ணு பேங்க் பறிமுதல் பண்ணினது, இல்லைன்னா கடனை விடக் குறைவான விலைக்கு வித்தது. 2006 உச்சத்துல இருந்து 2012 வரைக்கும் கேஸ்-ஷில்லர் தேசிய விலைக் குறியீடு சுமார் 27 சதவீதம் இறங்குச்சு.

2023-ல வாங்க ஆள் குறைஞ்சாங்க, உண்மை. அதே சமயம் விக்கிறவங்களும் காணாமப் போனாங்க. கட்டாய விற்பனை ஒண்ணு, ரெண்டு சதவீதம் தான். ரெண்டு பக்கமும் சேர்ந்து சுருங்கினா எண்ணிக்கை விழும். விலை விழணும்னு அவசியம் இல்லை.

5. விக்கிறவங்க ஏன் காணாமப் போனாங்க?

கணக்கு போட்டுப் பார்த்தா உடனே புரியும். 400,000 டாலர் வீடு, 20 சதவீதம் டவுன் பேமென்ட், 320,000 டாலர் கடன், 30 வருஷம்.

- 3 சதவீத வட்டிக்கு மாசத் தவணை: சுமார் 1,349 டாலர்.
- 7 சதவீத வட்டிக்கு: சுமார் 2,129 டாலர்.

அதே வீடு, அதே கடன், மாசம் 780 டாலர் அதிகம். வட்டி குறைஞ்சா ரீஃபைனான்ஸ் பண்ணலாம். குறையலைன்னா 30 வருஷத்துல 280,000 டாலருக்கும் மேல. 2021-ல 3 சதவீதத்துக்கு வாங்கினவர் அதே விலையில இன்னொரு வீட்டுக்கு மாறினாக் கூட இந்தத் தண்டம் கட்டணும். பழைய கடனைக் கூட எடுத்துட்டுப் போகவும் முடியாது. வீட்டை வித்தா கடனை அடைக்கணும்னு பெரும்பாலான மார்ட்கேஜ் பத்திரத்துலயே இருக்கும். அதனால, "குழந்தைக்கு ரூம் பத்தலையா? பேஸ்மென்ட்டை மாத்திக்கலாம்"னு அங்கேயே உட்கார்ந்துட்டாங்க. இதைத் தான் லாக்-இன் எஃபெக்ட்னு சொல்றாங்க.

கனடா, யு.கே. நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க ஊர்ல வட்டி பெரும்பாலும் ரெண்டு அல்லது ஐந்து வருஷத்துக்குத் தான் நிலைக்கும். கெடு முடிஞ்சா, வீடு மாறினாலும் மாறாட்டியும் புது வட்டி வந்தே தீரும். அதனால பூட்டு இந்த அளவுக்கு இறுகாது. அமெரிக்க வரைபடத்தை அப்படியே உங்க ஊருக்கு ஒட்டிடாதீங்க.

6. தங்கச்சி கேட்ட கேள்வி

2024-ல நாட்டு அளவுல கைமாறிய வீடுகளோட நடு விலை 407,500 டாலர்; ஒரு வருஷ அளவுல அதுவரை இல்லாத உச்சம். ஆஸ்டின் மாதிரி சில ஊர்கள்ல விலை 2022 உச்சத்துல இருந்து இறங்குச்சு. நியூ ஜெர்ஸியில ஏறிக்கிட்டே இருந்துச்சு. தங்கச்சி பார்த்து வெச்சிருந்த அதே காலனியில, அதே மாதிரி வீடு அடுத்த வருஷம் 45,000 டாலர் அதிகமா லிஸ்ட் ஆச்சு. இடையில ஒரு வருஷ வாடகை வேற.

அவ என்னைத் திட்டலை. ஒரு நாள் சாப்பிடும்போது சாதாரணமா கேட்டா: "அண்ணா, வீடு கம்மியா விக்குதுன்னு சொன்னியே, விக்கிறதுக்கு எத்தனை வீடு இருந்துச்சுன்னு பார்த்தியா?"

பார்க்கலைன்னு உண்மையைச் சொன்னேன். மாப்பிள்ளை தான், "விடுங்க மச்சான், சாம்பார் ஆறுது"ன்னு பேச்சை மாத்தினார்.

2024-ல முதல் வீடு வாங்கினவங்க, மொத்தம் வாங்கினவங்கள்ல 24 சதவீதம் தான். அவங்க நடு வயசு 38. என்.ஏ.ஆர். சர்வேயில வந்த எண்கள் இது. உங்கள்ல பலர் இருபதுகள்ல இருக்கீங்க. நாளைக்கு அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் ஆளுக்கு ஒரு ஹெட்லைனோட வருவாங்க. அப்போ இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. இது பருவம் கழிச்ச எண்ணா? ஒரு மாசமா, வருஷ மொத்தமா?
2. மாதக் கையிருப்பு எவ்வளவு?
3. விக்கிறவங்க விரும்பி விக்கிறாங்களா, வேற வழியில்லாம விக்கிறாங்களா?
4. இது நாட்டு எண்ணா, என் ஊர் எண்ணா?

வீட்டுப்பாடம்

செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியோட ஃப்ரெட் தளத்துல 30 வருஷ மார்ட்கேஜ் வட்டி 1971-ல இருந்து இலவசமா கிடைக்கும். புது வீட்டு விற்பனை 1963-ல இருந்து இருக்கு. ரெண்டையும் பைத்தான்ல ஒரே வரைபடமா போட்டு, வட்டி ஏறின காலங்கள்ல விற்பனை எப்படி நடந்துக்குதுன்னு பாருங்க. கைமாறும் வீடுகளோட டேட்டாவுக்கு உரிமம் உண்டு. அதனால அங்கே சுமார் ஒரு வருஷத்து எண்கள் தான் தெரியும். யு.கே.ல இருக்கிறவங்க வரித்துறை வெளியிடுற மாச விற்பனைக் கணக்குல 2021 ஜூனைப் பாருங்க. அந்த மேட்டுக்குப் பக்கத்துல என்ன கெடு இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சு எனக்கு எழுதுங்க.

தங்கச்சி இப்பவும் வீடு பார்த்துக்கிட்டு தான் இருக்கா. இந்த முறை ஸ்ப்ரெட்ஷீட் அவளோடது. நான் டவுன்ஹவுஸ் பார்க்கப் போற நாள்ல கார் ஓட்டுறேன், அவ்வளவு தான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.