நோன்பும் இன்சுலினும்

ரமளான் நெருங்கினால் தென்காசி வட்டாரத்தில் நம்மிடம் தவறாமல் வரும் மஸ்அலா ஒன்றுண்டு. "ஹழ்ரத், சுகருக்கு ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடுமா?" முறியாது. தோலுக்கடியில் போடும் ஊசி திறந்த துவாரத்தின் வழியாக வயிற்றுக்குள் எதையும் செலுத்துவதில்லை. விரல் நுனியில் குத்திச் சொட்டு இரத்தம் சோதிப்பதாலும் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறிவதில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொள்பவர் நோன்பு நோற்கலாமா என்று கேட்பவர்கள் குறைவு. அதுவல்லவா முதலில் கேட்க வேண்டியது!

நம் இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டிச் சீனி. இந்த அளவு கூடாமலும் குறையாமலும் காப்பவை ஹார்மோன்கள் என்னும் சுரப்பு நீர்கள். ஸஹர் உணவு செரித்துச் சர்க்கரை ஏறும்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது தசைகளுக்குள் சர்க்கரையைப் புகுத்துகிறது. மிச்சத்தைக் கல்லீரலில் சேமிக்கச் செய்கிறது. லுஹர் நெருங்கச் சர்க்கரை இறங்கினால் கணையமே இன்சுலினைக் குறைத்துக்கொண்டு, குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்புகிறது. ஈரல் தன் சேமிப்பைத் திறந்துவிடுகிறது. ஆரோக்கியமானவர் மஃக்ரிபு வரை தாக்குப்பிடிப்பது இப்படித்தான். அல்லாஹ்வின் ஹிக்மத்!

1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தினார்கள். அதற்குமுன் கணையம் அடியோடு ஓய்ந்த பிள்ளைகள் பிழைப்பது அரிது. ஆனால் ஊசியில் ஏற்றிய இன்சுலினுக்கும் கணையம் சுரப்பதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கணையம் அளவு பார்த்து நிறுத்திக்கொள்ளும். ஊசி மருந்துக்கு நிறுத்தத் தெரியாது. வயிறு காலியாக இருந்தாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். சில மாத்திரைகளும் அப்படித்தான்.

அப்போது அட்ரினலின் சுரந்து அபாயச் சங்கு ஊதுகிறது: வியர்வை, நடுக்கம், படபடப்பு. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2015, 2016-ல் ரமளானும் சாரலும் சேர்ந்தே வந்தன. சுன்னத்தான நோன்புகள் எந்த ஆண்டும் சீசனில் வரலாம். அருவிக்கடியில் நிற்பவருக்கு வியர்ப்பது தெரியாது. நடுக்கத்தைக் குளிர் என்று எண்ணிக்கொள்வார். வழுக்குப் பாறையில் மயங்கினால் என்னாகும்? ஊசி போட்டு நோன்பிருப்பவர் அன்று அருவியை விட்டுவிடட்டும்.

சோதனையில் 70-க்குக் கீழே காட்டினால், மஃக்ரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும், உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து நோன்பை விட்டுவிட வேண்டும். 300-ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நம் தாய்மார்கள் சிலர் "விட்டால் பாவம்" என்று வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் படுத்துக் கிடக்கிறார்கள். அல்பகரா அத்தியாயம் 184, 185-ஆம் வசனங்களில் நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்வே. அதை ஏற்பதில் என்ன பாவம்? குணமாகும் நோயென்றால் பின்னர் கழா. தீராத நோயென்றால் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவாக ஃபித்யா.

உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர் பெரும்பாலும் நோன்பு நோற்கலாம். ஊசி போடுபவர் ஷஃபான் பிறந்ததுமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோற்கலாம் என்று அவர் சொன்னால், ஸஹருக்கு எவ்வளவு, இஃப்தாருக்கு எவ்வளவு என்று மருந்தளவை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய அளவையே ஸஹரில் போட்டுக்கொள்ளக் கூடாது. நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை போதும். அதற்குமேல் பார்டர் பரோட்டாவையும் சேர்த்தால் மருத்துவர் எழுதிய கணக்கு தப்பிவிடும்.